பூனை உங்களைப் பழிவாங்கவில்லை! மெத்தையிலும் சுவரிலும் சிறுநீர் கழிப்பது ஏன்?

திங்கட்கிழமை காலை. ஒன்பதரைக்கு மீட்டிங். அவசரமாக லேப்டாப் பையைத் தூக்கினால் ஒரு பக்கம் முழுக்க ஈரம். முகர்ந்து பார்க்கத் தேவையே இல்லை, அறை முழுக்க அந்த வாடைதான். இரண்டு நாள் கழித்து மெத்தை. அடுத்த வாரம் பால்கனிக் கதவின் திரை. எங்கள் வீட்டு மிளகுக்கு அப்போது மூன்று வயது. குட்டியிலிருந்தே ஒழுங்காக லிட்டர் பாக்ஸில் போய், மணலைத் தள்ளி மூடிவிட்டு வருகிற பையன். கருத்தடையும் ஆகிவிட்டது. திடீரென்று என்ன ஆச்சு?

ஊரிலிருந்து அம்மா போனிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்: "நாள் பூரா ஆபீஸ்ல போய் உட்கார்ந்துக்கிறேல்ல, அந்தக் கோவம். வேணும்னேதான் பண்ணுது." பக்கத்து ஃபிளாட் அக்கா, "மூக்கைப் பிடிச்சு ஒரு தடவை அதுல தேய்ச்சு விடுங்க, அப்புறம் வாலாட்டாது" என்றார். வாட்ச்மேன் அண்ணன் இன்னும் நடைமுறையாக யோசித்தார்: "காசிமேட்டுல விட்டுட்டா மீன் தின்னு பொழைச்சுக்கும்."

மூவரும் நல்லவர்கள்தான். மூவர் சொன்னதும் தப்பு என்பது கால்நடை மருத்துவரிடம் போன பிறகுதான் புரிந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி: "நின்னுக்கிட்டுப் போச்சா, உட்கார்ந்து போச்சா?"

எனக்குத் தெரியவில்லை. வீட்டு ஓனரிடம் காட்ட வேண்டியிருக்குமோ என்று எடுத்து வைத்திருந்த போட்டோக்களைக் காட்டினேன். மெத்தையில் பெரிய வட்டமாக ஒரு கறை. திரையில் முழங்காலுக்குக் கீழே ஓரிடத்தில் தொடங்கித் தரை வரை வழிந்த கோடு. அவர் இரண்டையும் பார்த்துவிட்டு, "உங்க வீட்ல ரெண்டு பிரச்னை இருக்கு, ஒண்ணு இல்ல" என்றார்.

நின்றா, உட்கார்ந்தா?

பூனை வளர்ப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய அடிப்படை வித்தியாசம் இதுதான். சிறுநீர்ப்பை நிறைந்து, அதைக் காலி செய்யும் பூனை குந்தி உட்காரும். தரை, மெத்தை, கால்மிதி, அழுக்குத் துணிக் குவியல் போன்ற கிடைமட்டமான இடத்தில் போகும். அளவும் அதிகமாக இருக்கும். வலியோடு போகும் பூனை மட்டும் சொட்டுச் சொட்டாகப் பல இடங்களில் விட்டு வைக்கும்.

அடையாளமிடும் பூனை பெரும்பாலும் நின்றுகொண்டே அடிக்கும். சுவருக்கோ கதவுக்கோ முதுகைக் காட்டி நிற்கும். வால் செங்குத்தாக நிற்கும், நுனி நடுங்கும். சில பூனைகள் பின்னங்கால்களை மாற்றி மாற்றி மிதிக்கும். பிறகு பின்பக்கமாக ஒரு பீய்ச்சல். அளவு கொஞ்சம், வாடை பிரமாதம். இப்படி அடிக்கும் பூனை தன் கழிப்பறைத் தேவைக்கு லிட்டர் பாக்ஸையும் வழக்கம்போல் பயன்படுத்திக்கொண்டிருக்கும். "பாக்ஸுக்கும் போகுது, சுவத்துலயும் அடிக்குது, இது திமிருதானே?" என்று நமக்குத் தோன்றுவது இதனால்தான்.

பழிவாங்க ஒரு திட்டம் வேண்டும். 'நேற்று இவன் என்னைத் தனியாக விட்டுப்போனான், இன்று இவன் பையை நாசமாக்கினால் வருத்தப்படுவான்' என்று கணக்குப் போட வேண்டும். பூனை அப்படியெல்லாம் கணக்குப் போடுவதில்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இயங்கும் இரண்டு பூனை மருத்துவ அமைப்புகள் 2014-ல் இந்தப் பிரச்னைக்கென்றே சேர்ந்து வழிகாட்டுதல் வெளியிட்டன. அதில் காரணங்கள் நான்கு வகை: உடல் நோய், மன அழுத்தத்தோடு தொடர்புள்ள சிறுநீர்ப்பை அழற்சி, அடையாளமிடுதல், சூழல் மற்றும் உறவுச் சிக்கல்கள். கோபம், பொறாமை, திமிர் எதுவும் பட்டியலில் இல்லை.

அப்படியென்றால் ஏன் குறிப்பாக நம் மெத்தை? மெத்தை மென்மையாக இருக்கிறது, ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது, உயரத்தில் இருப்பதால் யார் வருகிறார்கள் என்று பார்க்க முடிகிறது, நம் வாசனையும் இருக்கிறது. பதற்றத்தில் இருக்கும் பூனைக்கு வீட்டிலேயே பத்திரமான இடம் அதுதான். நம்மை அவமானப்படுத்த அங்கே வரவில்லை. ஒரு வகையில் நம்மிடம் ஒதுங்க வந்திருக்கிறது.

மூக்கைத் தேய்ப்பது, அடிப்பது, தண்ணீர் பீய்ச்சுவது எதுவும் பலன் தராது. செய்து முடித்து அரை மணி நேரம் கழித்து அடித்தால், எதற்கு அடி வாங்கினோம் என்றே பூனைக்குத் தெரியாது. செய்துகொண்டிருக்கும்போதே அடித்தால் அது கற்றுக்கொள்வது ஒன்றுதான்: 'இந்த ஆள் இருக்கும்போது போகக் கூடாது.' அப்புறம் கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால் போகும். பயம் கூடினால் பிரச்னையும் கூடும்.

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்

கட்டுரையை இத்தோடு மூடிவிட்டு வேறு வேலைக்குப் போகிறவர்கள்கூட இந்தப் பகுதியைப் படித்துவிட்டுப் போங்கள். ஆண் பூனை அடிக்கடி லிட்டர் பாக்ஸுக்குள் போய் முக்குகிறது, ஒன்றும் வரவில்லை அல்லது ஓரிரு சொட்டுதான் வருகிறது, கத்துகிறது, அடிப்பக்கத்தை விடாமல் நக்குகிறது என்றால் அது அவசர சிகிச்சைக்குரிய நிலை. ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. சளி போன்ற கசடோ, படிகங்களோ, சிறு கல்லோ அதை அடைத்துவிடும், குழாயின் தசை இறுகினாலும் அடைப்பு வரும். வெளியேற வழியில்லாத சிறுநீரால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். அது இதயத் துடிப்பையே நிறுத்திவிடும். ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். வாந்தி எடுத்து, சோர்ந்து சுருண்டு படுத்துவிட்டால் நேரம் ஏற்கெனவே குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

இதைப் பலர் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். "காலையில பார்த்துக்கலாம்" என்பார்கள். காலை வரை தாங்காமல் போகலாம். இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை உங்கள் பகுதியில் எது என்பதை இன்றே விசாரித்து, நம்பரை போனில் சேமித்து வையுங்கள். வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் மாத்திரையைத் தொடவே கூடாது. பூனையின் கல்லீரலுக்கு அதை முறித்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. ஒரு மாத்திரையே கொன்றுவிடும்.

அடைப்பு இல்லாவிட்டாலும், புதிதாக வெளியே போகத் தொடங்கிய எந்தப் பூனைக்கும் முதல் படி சிறுநீர்ப் பரிசோதனைதான். வயதான பூனைக்கு சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை, தைராய்டு இருக்கலாம். மூட்டுவலி இருந்தால் உயரமான பாக்ஸுக்குள் ஏறவே கஷ்டப்படும். இளம், நடுவயதுப் பூனைகளிடம் அதிகம் காணப்படுவது வேறொன்று. சிறுநீர்ப்பை வீங்கியிருக்கும், சிறுநீரில் ரத்தம் இருக்கும், ஆனால் கிருமியும் இருக்காது, கல்லும் இருக்காது. காரணம் அறியப்படாத சிறுநீர்ப்பை அழற்சி என்று மருத்துவர்கள் அழைக்கிறார்கள். இளம் பூனைகளுக்குக் கிருமித்தொற்று குறைவுதான் என்பதால், பரிசோதனை இல்லாமல் ஆன்டிபயாடிக் மட்டும் போட்டு அனுப்பினால் அடுத்த மாதமும் அதே கதை தொடரும்.

ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டோனி பஃபிங்டன் இந்த நோயைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். இது சிறுநீர்ப்பையின் நோய் மட்டுமல்ல, பூனையின் மன அழுத்த அமைப்போடு பின்னிக்கிடப்பது என்பதை அவரது குழுவின் வேலை காட்டியது. மருந்தை விடச் சூழலை மாற்றுவதில் கவனம் செலுத்தியபோது பாதிக்கப்பட்ட பூனைகளின் நிலை மேம்பட்டதாக 2006-ல் அவர்கள் எழுதினார்கள். ஒளிய இடம், ஏற உயரம், தினசரி விளையாட்டு, மாறாத நேரத்தில் சாப்பாடு. கேட்க சாதாரணமாக இருக்கும். பாதிக்கப்பட்ட பூனைக்கு இதுதான் சிகிச்சை.

மிளகுக்கும் இதுதான். ரிப்போர்ட்டில் ரத்தம் இருந்தது, கிருமி இல்லை. "கடைசி ஒரு மாசத்துல வீட்ல என்ன மாறுச்சு?" என்று டாக்டர் கேட்டார். ஒன்றும் மாறவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் ஞாபகம் வந்தது. புது வாஷிங் மெஷின் வந்தது, லிட்டர் பாக்ஸை அதன் பக்கத்தில் ஒதுக்கினோம். வொர்க் ஃப்ரம் ஹோம் முடிந்து வாரம் ஐந்து நாள் ஆபீஸ். பால்கனி சன்ஷேடில் ஒரு கடுவன் பூனை வந்து உட்கார ஆரம்பித்திருந்தது. நமக்கு ஒன்றுமே இல்லாத மூன்று விஷயங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் அந்த 800 சதுர அடிக்குள்ளேயே வாழும் பூனைக்கு உலகமே மாறியிருக்கிறது.

சாப்பாட்டில் ஈரம் கூடுவதும் உதவும். பூனை பாலைவனக் காட்டுப்பூனையின் வழி வந்தது, தாகம் எடுத்துத் தண்ணீர் தேடிக் குடிக்கும் பழக்கம் குறைவு. காய்ந்த கிப்பிள் மட்டும் சாப்பிடும் பூனையின் சிறுநீர் கெட்டியாகவே இருக்கும். வெட் ஃபுட் சேர்க்கலாம், கிப்பிளில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றலாம், உப்பு, வெங்காயம், பூண்டு போடாத சிக்கன் வேகவைத்த தண்ணீர் தரலாம். தண்ணீர்க் கிண்ணத்தைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காமல் வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் வைத்துப் பாருங்கள்.

மணல் குவியல் சொல்லும் பாடம்

வீடு கட்டும் இடத்தில் லாரி மணல் கொட்டிவிட்டுப் போன மறுநாள் காலை போய்ப் பாருங்கள். தெருவிலுள்ள அத்தனை பூனையும் அங்கே வந்துபோயிருக்கும். மென்மையாக, தோண்ட வசதியாக, விசாலமாக, நாலு பக்கமும் திறந்த இடம். பூனையின் கனவுக் கழிப்பறை அது.

இப்போது நாம் வாங்கிக் கொடுப்பதைப் பாருங்கள். மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் பெட்டி, லாவண்டர் வாசனை போட்ட லிட்டர், வாரம் இரண்டு முறை சுத்தம், இடம் பாத்ரூம் மூலை. ரயிலில் நாற்றமடிக்கும் டாய்லெட் கதவைத் திறந்து பார்த்துவிட்டு "அடுத்த ஸ்டேஷன்ல பார்த்துக்கலாம்" என்று திரும்பி வருகிறோமே, பூனையும் அதைத்தான் செய்கிறது. அதற்கு அடுத்த ஸ்டேஷன் நம் மெத்தை.

பாக்ஸின் நீளம், மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரையான பூனையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். பெட் ஷாப்பில் விற்கும் பல பாக்ஸ்கள் வளர்ந்த பூனைக்குப் பத்தாது. துணி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப்பாவை வாங்கி ஒரு பக்கத்தை மட்டும் தாழ்வாக வெட்டிக்கொண்டால் பாதி விலையில் முடியும். நான் அப்படித்தான் செய்தேன், வெட்டிய ஓரத்தில் டேப் ஒட்ட மறக்காதீர்கள். மூடி வாடையை உள்ளேயே அடைக்கும், உள்ளே இருக்கும் பூனையால் வெளியே யார் வருகிறார்கள் என்று பார்க்கவும் முடியாது. மூடியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

லிட்டரைப் பொறுத்தவரை, வாசனை சேர்க்காத, பொடிமணல் போன்ற, ஈரம் பட்டால் உருண்டையாகக் கட்டிக்கொள்ளும் பென்டோனைட் வகையைப் பல பூனைகள் விரும்புகின்றன. டோஃபு, மரத்தூள் உருண்டை எல்லாம் மனிதர்களுக்கு வசதி, பூனைக்குப் பிடிக்குமா என்பது பூனையைப் பொறுத்தது. சந்தேகமாக இருந்தால் இரண்டு பாக்ஸ்களில் இரண்டு வகை போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், எது என்று அதுவே சொல்லிவிடும். தெருவிலிருந்து எடுத்துவந்த குட்டிக்கு ஆரம்பத்தில் ஆற்று மணலோ தோட்ட மண்ணோ கலந்து தருவது நல்லது, அது பழகியது அதைத்தான்.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் பாத்ரூம். மேற்கத்திய வீடுகளைப் போல நம் பாத்ரூம் காய்ந்து கிடப்பதில்லை. காலையில் நால்வர் குளித்து முடித்தால் தரை முழுக்கத் தண்ணீர், லிட்டர் பாதி நனைந்து சேறாகியிருக்கும். போதாக்குறைக்கு யாராவது கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவார்கள். சில பூனைகள் லிட்டரை விட்டுவிட்டு நேராகத் தண்ணீர் போகும் ஓட்டையிலேயே போகப் பழகிக்கொள்ளும். "பரவாயில்லையே, கழுவி விட்டாப் போச்சு" என்று நமக்கும் சந்தோஷம். ஆனால் ஒரு நாளில் எத்தனை முறை போனது, ரத்தம் இருந்ததா, எதுவுமே நமக்குத் தெரியாமல் போகிறது.

உருண்டை கட்டும் லிட்டரின் பெரிய நன்மையே இதுதான். அள்ளும்போது எண்ணலாம். நல்ல ஆரோக்கியமான பூனை பொதுவாக ஒரு நாளில் இரண்டு முதல் நான்கு முறை போகும். உருண்டைகள் திடீரென்று பெரிதானால் சர்க்கரையோ சிறுநீரகமோ, சின்னச் சின்னதாகப் பத்து இருந்தால் சிறுநீர்ப்பை, ஒன்றுமே இல்லையென்றால் உடனே ஆஸ்பத்திரி. காலை ஒரு முறை, இரவு ஒரு முறை அள்ளினால் போதும், இரண்டு நிமிட வேலை.

எத்தனை பாக்ஸ்? பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூடுதல் என்பது கணக்கு. மூன்று பாக்ஸையும் ஒரே மூலையில் வரிசையாக அடுக்கினால் பூனைக்கு அது ஒரே பாக்ஸ்தான். வழியில் இன்னொரு பூனை குறுக்கே படுத்துக்கொண்டால் எதற்கும் போக முடியாது. சண்டை போடாத பூனைகளும் இப்படி அமைதியாக வழிமறிக்கும். நாம் "ரெண்டும் ஃப்ரெண்ட்ஸ்" என்று போட்டோ போட்டுக்கொண்டிருப்போம்.

சுவரில் அடிப்பது யாருக்காக?

ஆண் பூனையின் சிறுநீர் வாடைக்குப் பின்னால் ஃபெலினின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அதை உருவாக்குவதில் காக்ஸின் என்ற புரதத்தின் பங்கை ஜப்பானின் மசாவ் மியாசாகி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2006-ல் விளக்கினார்கள். ஃபெலினின் சிதையும்போது கந்தகம் கலந்த சேர்மங்கள் வெளிவரும். அடித்த அன்றைவிட அடுத்தடுத்த நாட்களில் வாடை ஏறுவது இதனால்தான். கருத்தடை செய்யாத ஆணிடம் இது மிக அதிகம். நமக்கு நாற்றம், மற்ற பூனைகளுக்கு அது தகவல்: இங்கே ஒருவன் இருக்கிறான், எப்போது வந்துபோனான் என்று.

அதனால் அடையாளமிடுவதற்கு முதல் மருந்து கருத்தடை. வளர்ந்த ஆண் பூனைகளுக்குச் செய்த பிறகு ஏறக்குறைய பத்தில் ஒன்பதில் இந்தப் பழக்கம் நின்றுவிடுகிறது அல்லது வெகுவாகக் குறைகிறது. சிலவற்றுக்கு உடனே, சிலவற்றுக்குச் சில மாதங்களில். "ஆபரேஷன் பண்ணியாச்சே, இன்னும் ஏன்?" என்பவர்களுக்கு: இளம் வயதிலேயே கருத்தடை செய்த பூனைகளை ஆராய்ந்து 1984-ல் வந்த ஆய்வின்படி ஆண்களில் சுமார் 10 சதவீதமும் பெண்களில் சுமார் 5 சதவீதமும் வளர்ந்த பிறகு அடையாளமிட்டன. ஆம், பெண் பூனைகளும் அடிக்கும். ஹீட்டில் இருக்கும் கருத்தடை ஆகாத பெட்டை நன்றாகவே அடிக்கும்.

அந்தப் பத்து சதவீதத்தில்தான் மிளகும் சேர்ந்தது. இந்த இடத்தில் துப்பறியும் வேலை செய்ய வேண்டும். கதவு, ஜன்னல், பால்கனி ஓரங்களில் அடித்தால் ஆபத்து வெளியிலிருந்து வருவதாகப் பூனை நினைக்கிறது. ஹாலின் நடுவே, அறைக்கு அறை போகும் வழியில் என்றால் வீட்டுக்குள்ளேயே இன்னொரு பூனையோடு தகராறு. பை, செருப்பு, புதிதாக வந்த அட்டைப்பெட்டி என்றால் அந்நிய வாசனை. என் லேப்டாப் பையை ஆபீஸ் பஸ்ஸிலும் கேன்டீன் தரையிலும் வைத்து எடுத்து வருகிறேன், வீட்டுக்கு வந்ததும் அதே பையை மிளகு படுக்கும் மூலையில் சாய்க்கிறேன். இப்போது அது அலமாரிக்குள் போகிறது. அந்தப் பிரச்னை அன்றோடு தீர்ந்தது.

கடுவன் விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. அவன் ஏன் எங்கள் சன்ஷேடுக்கு வருகிறான் என்று பார்த்தால், தினமும் இரவு மிச்ச மீனை பால்கனியில் வைப்பதே நான்தான். பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்த கதை. அவனுக்குச் சாப்பாட்டை நிறுத்த மனம் வரவில்லை, கீழே பார்க்கிங்கின் கடைசி மூலைக்கு மாற்றினோம். பால்கனிக் கண்ணாடிக் கதவின் கீழ்ப்பாதியில், வெளிச்சம் வரும் ஆனால் உருவம் தெரியாத ஸ்டிக்கரை ஒட்டினோம். மூன்று வாரம் துரத்திப் பிடித்துக் கடுவனுக்கும் கருத்தடை முடிந்தது. தெருப் பூனைகளுக்கு இதைச் செய்ய விலங்கு நல அமைப்புகள் உதவுகின்றன. அரசு கால்நடை மருத்துவமனைகளிலும், சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் விசாரிக்கலாம்.

ஃபினாயில் பாட்டிலைக் கீழே வையுங்கள்

பூனை போன இடத்தை எதால் துடைக்கிறீர்கள்? நூற்றுக்குத் தொண்ணூறு வீட்டில் ஃபினாயில் அல்லது டெட்டால் என்றுதான் பதில் வரும் என்று பந்தயம் கட்டத் தயார். இரண்டும் பூனைக்கு விஷம். ஃபீனால் வகைப் பொருட்களை உடைத்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் சரியாக வேலை செய்வதில்லை, பாராசிட்டமால் கொல்வதும் கிட்டத்தட்ட இதே காரணத்தால்தான். துடைத்த தரையில் நடந்து, அந்தக் காலை நக்கினால் உள்ளே போய்விடும். பூனை வராமலிருக்க மூலையில் அந்துருண்டை போடுவதும் அப்படியே. மிளகாய்த்தூள் தூவுவது கொடுமை, வேறு சொல் இல்லை. பிளீச்சிங் பவுடரையோ திரவ பிளீச்சையோ சிறுநீரின் மேல் ஊற்றினால் அதிலுள்ள அமோனியாவோடு சேர்ந்து எரிச்சலூட்டும் வாயு கிளம்பும், அது நமக்கும் ஆகாது.

நம் மூக்குக்கு வாடை போய்விட்டது என்பதால் பூனை மூக்குக்கும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. மிச்சமிருக்கும் வாடை, 'கழிப்பறை இங்கேதான்' என்று எழுதி வைத்த போர்டு. சிறுநீரின் மூலக்கூறுகளையே சிதைக்கும் என்சைம் கிளீனர்கள் ஆன்லைனில் கிடைக்கின்றன. இல்லாவிட்டால் என்சைம் உள்ள துணி சோப்புப் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கழுவி, நன்றாக அலசி, காய்ந்ததும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் கொஞ்சம் தெளித்துத் துடைத்து, ஆறவிட்டு அப்புறம் பூனையை விடலாம். முதலில் துணியின் ஓரத்தில் சாயம் போகிறதா என்று பாருங்கள், ஸ்பிரிட் தெளிக்கும்போது பக்கத்தில் விளக்கோ அடுப்போ எரியக் கூடாது. எங்கெங்கே போயிருக்கிறது என்று தெரியவில்லையா? இரவில் விளக்கை அணைத்துவிட்டு யுவி டார்ச் அடித்துப் பாருங்கள், காய்ந்த சிறுநீர்க் கறை மின்னும். நான் அடித்துப் பார்த்த அன்று எங்கள் ஹால் பிளானட்டேரியம் மாதிரி இருந்தது.

மெத்தையைக் காப்பாற்ற வாட்டர்ப்ரூஃப் கவர் போடலாம், சில வாரம் படுக்கையறைக் கதவைச் சாத்தி வைக்கலாம். பூனை வழக்கமாக மாற்றிக்கொண்ட இடத்தைச் சுத்தம் செய்து அங்கேயே சாப்பாடு வைப்பதும் விளையாடுவதும் உதவும். சாப்பிடும் இடத்தைப் பூனை பெரும்பாலும் அசுத்தம் செய்யாது.

எல்லாம் செய்தும் சுவரில் அடிப்பது நிற்கவில்லையா? பூனை கன்னத்தைத் தேய்க்கும்போது விட்டுச்செல்லும் வாசனையின் செயற்கை வடிவம் ஃபெலிவே போன்ற பெயர்களில் பிளக்கில் மாட்டும் டிஃப்யூசராகக் கிடைக்கிறது. ஆய்வு முடிவுகள் கலவையானவை, சில வீடுகளில் பலன் தெரிகிறது. விலை அதிகம், மற்ற மாற்றங்களைச் செய்யாமல் இதை மட்டும் மாட்டுவது வீண். தீராத நிலையில் ஃப்ளூயோக்செடின் போன்ற மருந்துகளை மருத்துவர்கள் தருவதுண்டு. அளவும் காலமும் அவர் கையில், திடீரென்று நிறுத்தினால் பழக்கம் திரும்பி வரலாம்.

"வீட்ல குழந்தை வரப்போகுது, பூனை வேண்டாம்"

பூனையை வெளியேற்ற நம் வீடுகளில் சொல்லப்படும் இன்னொரு பெரிய காரணம் இது. பெரியவர்களின் பயத்தில் ஒரு உண்மை இருக்கிறது. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் மலம் வழியாகப் பரவக்கூடியது, கர்ப்பகாலத்தில் முதல்முறை தொற்றினால் குழந்தையைப் பாதிக்கலாம். ஆனால் அது சிறுநீரில் வருவதல்ல. மலத்தில் வெளியேறியதும் தொற்றாது, அந்த நிலையை அடைய ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். தினமும் அள்ளினால் ஆபத்து பெரும்பகுதி போய்விடும். கர்ப்பிணி அந்த வேலையைத் தொடாமல் கணவரோ மற்றவரோ செய்யட்டும். பச்சைக் கறி தராமல், வெளியே வேட்டைக்கு விடாமல் வளர்க்கும் பூனையிடமிருந்து வரும் ஆபத்து குறைவு. சரியாக வேகாத கறியும் கழுவாத காய்கறியும் அதே ஒட்டுண்ணியைக் கொண்டு வரும். மகப்பேறு மருத்துவரிடம் வீட்டில் பூனை இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

காசிமேட்டில் விடும் யோசனைக்கு வருகிறேன். ஃபிளாட்டிலேயே வளர்ந்த பூனைக்கு நாயைப் பார்த்தால் எங்கே ஏறுவது என்றுகூடத் தெரியாது. அந்த எல்லையில் ஏற்கெனவே இருக்கும் பூனைகளும் சேர்த்துக்கொள்ளாது. 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி, பசி தாகத்தால் துன்பப்படும் சூழலில் ஒரு விலங்கைக் கைவிடுவது குற்றமும்கூட.

மிளகு இப்போது எப்படி இருக்கிறான்? எட்டு மாதத்தில் இரண்டு முறை தவறியிருக்கிறான். ஒன்று தீபாவளி இரவு, கட்டிலுக்கு அடியில். இன்னொன்று ஊரிலிருந்து ஏழு பேர் வந்து தங்கியபோது, அதில் ஒருவரின் சூட்கேஸ் மேல். அந்த மாமா இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை. பாக்ஸ் வாஷிங் மெஷினிலிருந்து தள்ளி ஹால் மூலைக்கு வந்துவிட்டது. பார்க்க அழகாக இல்லைதான்.

பொங்கலுக்கு வந்திருந்த அம்மா ஒரு நாள் காலை, கேட்காமலேயே பாக்ஸை அள்ளிக்கொண்டிருந்தார். பல் தேய்த்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, "டேய், நேத்து நாலு உருண்டை இருந்துச்சு, இன்னிக்கு ரெண்டுதான் இருக்கு. டாக்டருக்கு போன் பண்ணுவோமா?" என்றார்.